ஊமைப்பட நடிகை, பேசும்பட இயக்குநர்: ரி. பி. இராஜலட்சுமி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக வெள்ளாங்குளத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் நீரிழிவு, குருதியமுக்கம் என்றுதான் பேச்சு போகும் என்று பின்வரிசையில் சிலர் கதைப்பது கேட்கிறது. பயப்பட வேண்டாம். இன்று நாங்கள் சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம். "நூறாண்டுக்கு முன் பெண்கள்" என்று செயலாளர் அக்கா தலைப்புத் தந்தபோது, எங்கள் வகுப்பில் இன்னும் தொடர்பில் இருக்கிற ஏழு பேரும் கூடி யோசித்தோம். நம் பாடசாலையில் முதல் தொகுதிப் பிள்ளைகள் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்த காலத்தில், கடலுக்கு அப்பால் ஏறக்குறைய அதே வயதுச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். அவளுடைய கதையைச் சொல்வது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

திருவையாறு பஞ்சாபகேச இராஜலட்சுமி, சுருக்கமாக ரி. பி. இராஜலட்சுமி, 1911 நவம்பர் 11ஆம் திகதி தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துக் கணக்கர். அக்கால வழக்கப்படி பத்து வயது நிறைவதற்குள் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. தகப்பனாரும் காலமானார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிராப்பள்ளிக்குப் போனார்கள்.

இந்த இடத்தைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எங்களால் அப்படிக் கடக்க முடியவில்லை. இந்தியாவில் சிறுவர் மணத்தைக் கட்டுப்படுத்தும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அதுவும் பெண்ணுக்குப் பதினான்கு வயது என்றுதான் எல்லை வைத்தது. இங்கே பதினெட்டு வயது என்ற சட்டம் 1995இல் வந்தது. ஆனால் எங்கள் வகுப்பிலேயே, க.பொ.த. சாதாரண தரம் எழுதாமல் கழுத்தில் தாலியோடு இடம்பெயர்ந்தவர்கள் இருந்தார்கள். பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல் பெற்றோர் செய்துவைத்த கலியாணங்கள் அவை. இன்றும் தாய்சேய் சிகிச்சை நிலையத்தில் கர்ப்பிணிப் பதிவட்டையைக் கையில் எடுத்து வயதைப் பார்க்கும்போது மனம் திடுக்கிடும் நாட்கள் இருக்கின்றன. ஆகவே திருவையாற்றுப் பிள்ளையின் கதையில் நாங்கள் முதலில் தேடியது தாயை. கலியாணம் முறிந்து வந்த மகளை வீட்டு மூலையில் இருத்திவைக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு வெளியூருக்குப் புறப்பட்டாரே, அந்த மீனாட்சி அம்மாளை. பின்னால் வந்த புகழ் எல்லாம் அந்தப் பயணத்திலிருந்து வந்ததுதான்.

திருச்சியில் நாடகக் குழு ஒன்றில் பதினொரு வயதளவில் சேர்ந்தார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசான் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. சுவாமிகள் 1922இல் காலமானார். அவருடைய கடைசிக் காலத்தில் அவர் கண்ணில் பட்ட பிள்ளைகளில் இராஜலட்சுமியும் ஒருவர். அந்த நாட்களில் நாடகக் குழுக்களில் பெண் வேடத்தை ஆண்களும் சிறுவர்களும் போடுவது வழக்கம். நமக்கு இது புதிய செய்தி அல்ல. நம்முடைய மாதோட்டப் பாங்குக் கூத்துகளிலும் வாசாப்பிலும் இராணியாக வந்தவர்கள் எல்லோரும் மீசை வழித்த அண்ணாமார்தானே. இந்தியாவின் முதற் கதைப்படமாகப் போற்றப்படும் பால்கேயின் 'ராஜா அரிச்சந்திரா'வில் கூட, 1913இல், சந்திரமதியாக நடித்தவர் ஓர் ஆண். நடிப்பதற்குப் பெண் கிடைக்கவில்லை. அப்படியான காலத்தில் ஒரு பெண் மேடையில் நின்று பாடினாள் என்றால், கைதட்டும் ஏச்சும் ஒரே சபையிலிருந்து வந்திருக்கும்.

மேடையில் பெயர் எடுத்த பின்னர் ஊமைப்படம் வந்தது. 1929இல் ஏ. நாராயணனின் நிறுவனம் தயாரித்த 'கோவலன்' அவர் நடித்த ஆரம்பப் படங்களுள் ஒன்று. பிறகு இராஜா சாண்டோவின் இயக்கத்தில் 'உஷா சுந்தரி', 'இராஜேஸ்வரி' ஆகிய படங்களில் நடித்தார். இங்கிருக்கும் பிள்ளைகள் ஊமைப்படம் பார்த்திருக்க மாட்டீர்கள். திரையில் உருவங்கள் வாயசைக்கும்; சத்தம் வராது. இடையிடையே எழுத்து அட்டை தோன்றும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்லுவார். ஆர்மோனியமும் தபேலாவும் பக்கத்தில் இருக்கும். சங்கீதம் பாடி மேடையை ஆண்ட பெண்ணுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய பெருஞ்சொத்து குரல். ஊமைப்படத்துக்கு அது தேவையில்லை. கண், கை, நடை மூன்றையும் வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

எங்கள் தலைமுறைக்கு இதன் மறுபக்கம் தெரியும். தொண்ணூறுகளில் இந்தக் கிராமங்களில் மின்சாரம் இருக்கவில்லை. வானொலிக்குப் போடும் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் தமிழ்நாட்டு வானொலியின் ஒலிச்சித்திரம் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் கதாநாயகியின் குரல் இழுபடும். "கெதியாச் சுத்தடி, அழுற கட்டம் வருது" என்று சத்தம் போடுவோம். இராஜலட்சுமியின் காலத்துச் சனம் சத்தமில்லாத படத்தைப் பார்த்தது. நாங்கள் படமில்லாத சத்தத்தைக் கேட்டோம். மிச்சத்தை அவர்களும் நாங்களும் மனத்தால் நிரப்பிக்கொண்டோம்.

இராஜா சாண்டோவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புதுக்கோட்டையைச் சேர்ந்த நாகலிங்கம் என்ற உடற்பயிற்சி வீரர் அவர். பம்பாய்க்குப் போய் ஊமைப்படங்களில் பேர்பெற்ற கதாநாயகன் ஆனார். பின்னர் இயக்குநராகி, சென்னைக்கு வந்து தமிழ்ப் படங்கள் எடுத்தார். ஆகவே நடிகர் ஒருவர் கமராவின் முன்னிருந்து பின்னுக்குப் போகலாம் என்பதை இராஜலட்சுமி தம் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஆண்களுக்கு அந்தப் பாதை திறந்திருந்தது. பெண்களில் அப்பாதையால் முதலில் போனவர் பம்பாயைச் சேர்ந்த பாத்மா பேகம். அவரும் ஊமைப்பட நடிகைதான். சொந்த நிறுவனம் தொடங்கி 1926இல் 'புல்புலே பரிஸ்தான்' என்ற படத்தை இயக்கினார். இந்தியாவின் முதற் பெண் இயக்குநர் அவரே. அவருடைய மகள் சுபைதா, இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா'வின் கதாநாயகி. அந்தப் படம் 1931 மார்ச் 14ஆம் திகதி பம்பாயில் வெளியானது.

'ஆலம் ஆரா'வை எடுத்த அர்தேஷிர் இரானி, அதே ஆண்டில், அதே கூடத்தில், எச். எம். ரெட்டியின் இயக்கத்தில் எடுப்பித்த படந்தான் 'காளிதாஸ்'. தமிழ் பேசிய முதற் படம் என்று நாம் படிப்பது இதையே. கதாநாயகி இராஜலட்சுமி. கதாநாயகன் பேசியது தெலுங்கு, கதாநாயகி பேசியது தமிழ். இடையே வேற்றுமொழி பேசுபவர்களும் உண்டு. பாட்டுகளில் தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனைகளும் வந்தன. காளிதாசன் காலத்துக் கதையில் காந்தியையும் இராட்டையையும் பற்றிய மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டும் வந்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்று சிரிக்கவில்லை. திரையிலிருந்து மனிதக் குரல், அதுவும் தம்முடைய பாஷையில் வருகிறது என்பதே அதிசயம். 1931 ஒக்டோபர் 31ஆம் திகதி சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் படம் வெளியானது. பம்பாயிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கிய படப்பெட்டியை, பூவும் கற்பூரமுமாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம்.

படத்தின் கதையையும் கவனியுங்கள். மந்திரி ஒருவன் சூழ்ச்சி செய்து, படித்த இளவரசியை எழுத்தறியாத இடையனுக்குக் கட்டிவைக்கிறான். இளவரசி காளியை வேண்டுகிறாள். இடையன் கவி காளிதாசன் ஆகிறான். தன் சம்மதம் இல்லாமல் கலியாணம் செய்துவைக்கப்பட்ட பெண் வேடத்தை, அதே அனுபவத்தை ஒரு தசாப்தத்துக்கு முன்னரே கண்ட பெண், இருபதாவது வயதை எட்டும் போது நடித்தாள். நடிக்கையில் அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

அதே 1931இல் நம் நாட்டில் டொனமூர் யாப்பின்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. நம்முடைய பாட்டிமார் முதல் முறையாக வாக்களித்த காலமும், தமிழ்ப் பெண் ஒருத்தியின் குரல் முதல் முறையாகத் திரையில் கேட்ட காலமும் ஒன்று.

'காளிதாஸ்' அவரைச் 'சினிமா இராணி' ஆக்கியது. 1933இல் பி. வி. ராவின் இயக்கத்தில் 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றது. அதில் உடன் நடித்த ரி. வி. சுந்தரம் அவருடைய வாழ்க்கைத் துணைவரானார். அதோடு நின்றிருந்தாலும் வரலாற்றில் அவருக்கு இடம் இருந்திருக்கும். அவர் நிற்கவில்லை. மேடையிலும் படத்திலும் நடித்த நாட்களிலேயே நாவல் எழுதிக்கொண்டிருந்தார். 'கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்' என்பது அவருடைய நாவல். மனம் விரும்பியவன் ஒருவன், வீட்டார் கட்டிவைத்தவன் வேறொருவன் என்று நடுவில் நிற்கும் பெண்ணின் கதை. மீண்டும் அதே கேள்வி என்பதைக் கவனித்திருப்பீர்கள். சம்மதம் கேட்கப்படாத கலியாணம். வைத்தியரின் பெயர் தலைப்பில் இருப்பதால் எங்களுக்கு அந்த நாவலில் கொஞ்சம் சொந்தம் கொண்டாடும் ஆசையும் உண்டு.

அந்தக் கதையை 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக எடுத்தார். கதை அவருடையது. வசனம் அவருடையது. பணம் போட்டவர் அவர். கதாநாயகி அவர். இயக்கியவரும் அவரே. தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதற் படம் அது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்த ஆண்டு பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். கைக்குழந்தையும் படப்பிடிப்புமாக ஒரு பெண்ணின் நாள் எப்படிப் போகும் என்பதை, உள்ளகப் பயிற்சிக் காலத்தில் வார்ட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பால்குடிப் பிள்ளையோடு ஓடிய எங்களில் சிலருக்கு விளக்க வேண்டியதில்லை. 1939இல் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார்.

படம் எடுத்தவர் நட்டமும் பட்டார். தேசியப் பாட்டுகளைப் பாடியதற்காக அந்நிய ஆட்சியின் கெடுபிடிக்கு ஆளானவர் அவர். நாட்டுப்பற்றை வைத்து எடுத்த 'இந்தியத் தாய்' தணிக்கையில் இடர்ப்பட்டு, பெரும் பண இழப்பைத் தந்தது. நாற்பதுகளில் புதிய முகங்கள் வந்தன. அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. 1961இல் கலைமாமணி விருது கிடைத்தது. கடைசிக் காலத்தில் பாரிசவாதம் கண்டு 1964 ஓகஸ்ட் 20ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நாடகக்காரரும் யாத்திரிகரும் தலைமன்னாருக்குக் கடந்து வந்த பழைய துறையும் அதோடு போயிற்று.

அவருடைய வாழ்க்கையில் இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. பெண் சிசு என்பதற்காகவே கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையை அவர் எடுத்துத் தம் பிள்ளையாக வளர்த்தார். சினிமா வரலாறு எழுதுபவர்கள் இதை அடிக்குறிப்பில் போடுவார்கள். குழந்தைகளைக் கையில் ஏந்தும் தொழிலில் இருப்பதால் நாங்கள் இதைத் தலைப்பிலேயே போடுவோம்.

இனி நாங்கள் இவரைத் தேர்ந்தெடுத்த காரணத்துக்கு வருகிறோம்.

'மிஸ் கமலா'வை இன்று நீங்கள் பார்க்க முடியாது. ஒரு பிரதியும் இல்லை. 'காளிதாஸ்' இல்லை. 'கோவலன்' இல்லை. 'ஆலம் ஆரா'வும் இல்லை. பாத்மா பேகத்தின் 'புல்புலே பரிஸ்தான்' இல்லை. நம் நாட்டில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் 1925இல் வந்த 'இராஜகீய விக்கிரமய'. பின்னாளில் நிதியமைச்சரான என். எம். பெரேரா அதில் நடித்தார். பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அந்தப் படம், இங்கே காட்டப்படுவதற்கு முன் எரிந்துபோயிற்று.

ஏன் இப்படி எல்லாம் அழிந்தன? விஞ்ஞானம் படித்தவர்களுக்கு விடை எளிது. அக்காலப் படச்சுருள் செலுலோசு நைத்திரேற்றால் ஆனது. வெடிமருந்தின் உறவுக்காரப் பொருள். சூடேறினால் தானாகவே பற்றும். பற்றினால் தண்ணீராலும் அணைக்க முடியாது, ஏனென்றால் எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதற்குள்ளேயே இருக்கிறது. நெருப்புப் பிடிக்காவிட்டாலும் காலம் அதைத் தின்னும். மெல்ல மெல்லச் சிதைந்து அமில ஆவியை விடும். அந்த ஆவி மிச்சச் சுருளையும் அரிக்கும். முதலில் உருவங்கள் மங்கும், பிறகு சுருள் பிசினாக ஒட்டும், கடைசியில் பழுப்புத் தூளாக உதிரும். நம்முடைய கடற்கரை வெக்கையும் ஈரமும் அதற்கு நஞ்சு. இதற்கும் தப்பியவற்றை, படம் ஓடி முடிந்த பின், அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக நிறைக்கு விற்றார்கள். யாருக்கும் அதை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஓடி முடிந்த படம் வெறும் பழைய சாமான்.

தென்னிந்திய ஊமைப்படங்களில் கிட்டத்தட்ட முழுமையாக மிஞ்சியது ஒன்றே ஒன்று என்கிறார்கள். அது 'மார்த்தாண்ட வர்மா', 1933இல் எடுக்கப்பட்டது. இயக்கியவர், நாங்கள் முன்னர் சொன்ன 'வள்ளி திருமணம்' படத்தின் அதே பி. வி. ராவ். அது எப்படித் தப்பியது தெரியுமா? சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய படம் அது. நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த புத்தகசாலை வழக்குப் போட்டது. படம் ஓடாமல் நின்றது. பிரதி அந்தப் புத்தகசாலையின் வசம் போய்ச் சேர்ந்தது. அங்கே கிடந்ததை 1974இல் புனேயிலுள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. தயாரித்தவரைக் கடனாளியாக்கிய வழக்குத்தான் படத்தைக் காப்பாற்றியது. வெற்றிகரமாக ஓடிய படங்கள் தேய்ந்து அழிந்தன. ஓடவிடாமல் பூட்டி வைத்தது மிஞ்சியது.

அப்படியானால் இராஜலட்சுமி இயக்குநர் என்பதை நாம் எப்படி அறிகிறோம்? கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களால். பத்திரிகை விளம்பரங்களால். ஒருசில நிழற்படங்களால். பார்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளால். குடும்பத்தவர்களின் நினைவால். பேச்சிழந்து வரும் நோயாளியின் நோய்ச் சரிதையைக் கூட வந்தவர்களிடம் கேட்டு எழுதுவது போல, படத்தைக் காணாமலே படத்தின் சரிதையை எழுதியிருக்கிறார்கள். அந்த மலிவுக் காகிதங்களை யாரோ ஒருவர் எறியாமல் வைத்திருந்தார். நடிகை என்றால் முகமாவது நினைவில் நிற்கும். இயக்கியவருக்கு முகம் இல்லை. எழுதி வைக்காவிட்டால் இயக்கிய பெண்ணை மறப்பது மிக எளிது.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். இங்கே வந்திருக்கும் எங்கள் காலத்தவர் எல்லோருக்கும் அவளைத் தெரியும். நாங்கள் ஆண்டு 11 படித்த வருடம், தமிழ்மொழித்தினப் போட்டிக்காகச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாடகமாக்கினோம். வசனம் எழுதியது அவள். எங்களைப் பழக்கியது அவள். ரீச்சர் எத்தனை முறை கேட்டும் வேடம் போட மாட்டேன் என்று நின்றாள். "நான் மேடைக்கு வரேல்ல ரீச்சர், முன்னால நிண்டு பாத்தாத்தான் பிழை தெரியும்" என்றாள். நெறியாள்கை என்ற சொல்லை அப்போது எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சிலம்பு உடையும் கட்டத்துக்கு அவள் ஒரு யோசனை வைத்திருந்தாள். சைக்கிள் கடையிலிருந்து பழைய போறிங் குண்டுகளை வாங்கி, பால்மா ரின்னில் போட்டு வைத்திருந்தாள். கண்ணகி கையை ஓங்கும்போது பெற்றோமாக்ஸை மறைத்துவிட வேண்டும். இருட்டில், சீமெந்துத் தரையில், அத்தனை குண்டுகளும் சிதறி உருளும் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். அதன்படியே செய்தோம். குண்டுகள் நடுவர்களின் கதிரை வரை உருண்டு போயின. கொஞ்ச நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை. முதலிடம் கிடைத்தது. நடித்த எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. அவள் நடிக்கவில்லை; ஆதலால் அவளுக்குச் சான்றிதழ் இல்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் எங்களிடம் இருக்கிறது.

அவள் பின்னர் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தாள். 2009இன் பின் அவள் எங்களிடம் திரும்பி வரவில்லை. 2008இல் இந்த ஊரை விட்டுப் புறப்பட்டபோது நாங்கள் கொண்டுபோன பெட்டிகளைக் கிளிநொச்சியில் விட்டோம். மிச்சத்தை அதற்கப்பால் வழிநெடுகிலும் விட்டோம். அந்த நாடகத்தின் புகைப்படம் ஒன்றேனும் எங்களில் ஒருவரிடமும் இல்லை. அவள் எழுதிய கொப்பியும் இல்லை. எங்கள் சான்றிதழ்களும் இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், இப்போது நாங்களும் அவளும் ஒரே கணக்கில் நிற்கிறோம்.

நேற்றுப் பின்னேரம் நாங்கள் ஏழு பேரும் ஒரு சீ.ஆர். கொப்பியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். ஒவ்வொருவரும் தனக்கு நினைவிருக்கிற வசனத்தைச் சொல்ல, ஒருத்தி எழுதினாள். பாண்டியனின் முடி பிஸ்கட் ரின் தகரத்தால் செய்தது என்று ஒருத்தி; இல்லை, சிகரெட் பெட்டித் தாள் என்று இன்னொருத்தி. இரண்டையும் எழுதினோம். வாயிற்காவலனாக வந்தவளுக்கு மட்டும் தன் வசனம் முழுதும் ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. பிறகு அவளுடைய அம்மாவிடம் போனோம். மகளின் பெயரை மலரில் போடலாமா என்று கேட்டோம். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "போடுங்கோ பிள்ளையள். எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கோ" என்றா. இந்த மலரில் வேறொரு பக்கத்தில் அந்த நாடகம் அச்சாகிறது. எழுத்தும் நெறியாள்கையும் என்ற சொற்களின் கீழே அவளுடைய பெயர், அம்மா எழுதித் தந்தபடியே இருக்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். வீட்டில் மிஞ்சியிருக்கும் பாடசாலைப் புகைப்படம், பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல், அழைப்பிதழ், புள்ளி அட்டை எதுவாக இருந்தாலும் சங்கத்திடம் ஒரு நாளைக்குத் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். புகைப்படத்தின் பின்புறம் யார் யார் என்று பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இல்லாதவர்களையும் எழுதுங்கள்: பழக்கியவர், தைத்தவர், எழுதியவர், விளக்குப் பிடித்தவர். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் வந்து சொல்லுங்கள். எழுதுவதற்கு எங்களிடம் ஆள் இருக்கிறது. நிகழ்வு முடிந்ததும் அந்தக் கொப்பியோடு வாசல் மேசையில் இருப்போம். எண்பது தாண்டிய அக்காமார் முதலில் வாருங்கள். தேநீர் அங்கேயே வரும்.

இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்களில் மேடைக்கு வரப் பிடிக்காமல், முன்னால் நின்று பிழை பார்க்கிற பிள்ளை ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அடுத்த நிகழ்ச்சிநிரலில் அவளுடைய பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாங்கள் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்.